வானவர் வரிசையும் வாசல் காவலும்

பழனி அடிவாரத்துத் திருஆவினன்குடிக்கு ஒருமுறை வானுலகமே மனுக் கொடுக்க வந்தது. அப்படித்தான் சொல்கிறது நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை. முருகனின் படைவீடுகளை வரிசையாகப் பாடும் அந்தப் பாட்டில் மூன்றாவது பகுதி இது. பிரமனுக்கு நேர்ந்த தண்டனை நீங்க வேண்டும், நின்றுபோன உலகக் காரியம் மறுபடி நடக்க வேண்டும் என்பதற்காகப் புறப்பட்ட கூட்டம். நக்கீரர் அவர்களை முண்டியடித்து வரவிடவில்லை. அணி வகுத்து அழைத்து வருகிறார். முதலில் மரவுரி உடுத்த முனிவர்கள், நரைத்த முடி, நோன்பினால் எலும்பு துருத்திய உடம்பு. அடுத்து மாசில்லாத மெல்லிய உடையில் யாழ் மீட்டும் கந்தருவர்களும் அவர்கள் மகளிரும். அதன் பின் கருடக்கொடியோடு திருமால், காளைக்கொடியோடு சிவன், யானை மேல் ஆயிரங்கண் இந்திரன். கடைசியில் நான்கு வகையாகப் பிரியும் முப்பத்து மூவரும், பதினெட்டு வகைக் கணத்தாரும்.

முப்பத்து மூவரின் கணக்கு தெரிந்ததுதான்: ஆதித்தர் 12, உருத்திரர் 11, வசுக்கள் 8, மருத்துவர் 2. வேதத்திலும் இந்த எண் உண்டு. பௌத்தர்களும் தேவருலகம் ஒன்றுக்கு இந்த எண்ணையே பெயராக வைத்தார்கள். பதினெண் கணம் அவ்வளவு ஒழுங்கானதல்ல. உரையாசிரியர்கள் தரும் பட்டியலில் தேவரோடு அசுரரும், கின்னரரோடு இராக்கதரும், சித்தரோடு பூதரும் பைசாசரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நல்லவர் ஒருபுறம், கெட்டவர் ஒருபுறம் என்று பிரிக்க அந்தப் பட்டியலுக்கு அவசரமே இல்லை. இதை மறந்துவிடாமல் இருப்பது நல்லது, பின்னால் தேவைப்படும்.

இந்த ஊர்வலத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதன் முகப்பு. மனிதப் பிறவிகளான முனிவர்கள் முன்னே நுழைகிறார்கள், தேவர்கள் பின்னே. வந்த காரியமும் பெரிய தத்துவம் எதுவுமில்லை. அவரவர் பதவி முறைப்படி திரும்பக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் தோற்றத்துக்கு விண்மீனையும், நடைக்குக் காற்றையும், வலிமைக்கு நெருப்பையும், குரலுக்கு இடியையும் உவமை சொல்லி உயர்த்தும் புலவர், அதே மூச்சில் அவர்களைக் குறைதீர்க்கும் நாளில் காத்திருப்பவர்களாகவும் ஆக்கிவிடுகிறார். வானவர் தரவரிசை என்பது எந்த மதத்தில் தோன்றினாலும் அரசவையைப் பார்த்து எழுதப்பட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேட வேண்டியதில்லை.

ஆவினன்குடியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 65 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல். இலங்கைப் பெருந்தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, ஐரோப்பிய வம்சாவளியினரான லீலாவதி அம்மையார், 1936இல் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் முற்றத்தில் நின்றால், மேகம் விலகிய வேளையில் பழனி மலை கீழே தெரியும். ஆவினன்குடியில் நக்கீரர் வகுத்த அணி கீழே கிடக்க, இந்த மேல்மலைக்கு வேறோர் அணி கப்பலேறி வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பின்னாலேயே கத்தோலிக்கக் குருக்கள் வந்தார்கள். 1860களில் சலேத் மாதா கோயில் எழுந்தது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846இல் மாடு மேய்த்த இரு பிள்ளைகளுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பப்படும் இடத்தின் பெயர் அது. ஆகஸ்ட் நடுவில் அதன் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களே திரண்டு வரும். 1895இல் இயேசு சபையார் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

செண்பகனூரில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். குருமாணவர்கள் மெய்யியல் படித்த இடம் அது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1879இல் விடுத்த சுற்றுமடலுக்குப் பிறகு கத்தோலிக்க மெய்யியல் என்றாலே தாமஸ் அக்குவினார்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்குவினாருக்குச் சம்மனசுகளை, அதாவது வானதூதர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. அவருக்கு முன்னோடி, ஐந்தாம் நூற்றாண்டின் முடிவிலோ ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கிரேக்க மொழியில் எழுதிய ஒருவர். பவுலின் சீடரான தியோனீசியு என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். உண்மைப் பெயர் மறைந்துவிட்டது. விண்ணகப் படிநிலை பற்றிய அவர் நூல்தான் ஒன்பது அணிகளை மூன்று மூன்றாக அடுக்கியது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபப் புத்தகங்கள் இவற்றை நவவிலாச சபை என்கின்றன. மேலே பக்திச்சுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர். நடுவே நாதகிருத்தியர், சத்துவகர், பலவத்தர். கீழே பிராதமிகர், அதிதூதர், தூதர்.

இந்த ஒன்பதும் விவிலியத்தில் ஒரே இடத்தில் இல்லை. பக்திச்சுவாலகர் எனப்படும் ஆறு சிறகுள்ள சேராபீன்கள் எசாயாவின் காட்சியில் வருகிறார்கள். ஞானாதிக்கர் எனப்படும் நான்கு முகமுள்ள கெருபீன்கள் எசேக்கியேலில். அரியணைகள், ஆட்சிகள், அதிகாரங்கள் என்பவை பவுலின் பெயரிலுள்ள கொலோசையர், எபேசியர் மடல்களில் போகிற போக்கில் அடுக்கப்படும் சொற்கள். அவற்றைத் திரட்டி ஏணியாக்கியது தியோனீசியுவின் கைவேலை. ஏணியின் நடுப்படிகள் சரியாகப் பொருந்தவும் இல்லை. திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் மறையுரையில் சத்துவகரையும் பிராதமிகரையும் இடம் மாற்றி வைத்தார். எழுநூறு ஆண்டுகள் கழித்துத் தாந்தே தம் சொர்க்கக் காண்டத்தில், கிரகோரியார் விண்ணகம் போய்க் கண் விழித்ததும் தன் தவற்றைப் பார்த்துத் தானே சிரித்தார் என்று எழுதினார். யூத மரபில் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடெஸ் வகுத்தது பத்துப் படிகள். அதில் சேராபீன்கள் ஐந்தாமிடம், கெருபீன்கள் ஒன்பதாமிடம். கிறிஸ்தவர் தலையில் வைத்தவர்களை அவர் இடுப்பிலும் காலிலும் வைத்திருக்கிறார்.

அக்குவினாரிடம் வருவோம். பருப்பொருள் இல்லாத ஒன்றை எப்படி எண்ணுவது என்பது அவர் கேள்வி. ஒரே இனத்தில் பல உயிர்கள் இருப்பது, ஒரே வடிவம் பல உடல்களில் தங்குவதால். உடலே இல்லாத சம்மனசுகளில் அது நடக்காது. ஆகவே ஒவ்வொரு சம்மனசும் தனியொரு இனம் என்று முடித்தார். இந்த வாதத்தைச் செண்பகனூரில் வைத்துப் பார்த்தால்தான் அதன் சுவை. கல்லூரிக்குப் பெயர் தேடித் தந்தது அதன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகள், பறவைகள், கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்த வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள். ஒரே இனத்துப் பூச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்தால்தான் சிறகின் புள்ளி எவ்வளவு மாறுகிறது, எவ்வளவு மாறினால் வேறு இனம் என்பது பிடிபடும். அக்குவினாரின் கணக்கில் சம்மனசுகளுக்கு இந்தப் பெட்டி பயன்படாது. ஒரு பெட்டிக்கு ஒன்றுதான், பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொன்று இருக்காது. பூச்சியையும் பூவையும் இனம் பிரித்த ஒரு கல்விக்கூடமும் இப்படியொரு வாதமும் ஒரே மரபுக்குள் அடங்கியிருந்தன என்பது எனக்கு முரணாகத் தோன்றவில்லை. இரண்டிலும் வேலை செய்வது, படைப்பில் இடைவெளியே இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரு படி உண்டு என்ற ஒரே நம்பிக்கை.

ஆனால் சலேத் மாதா கோயிலுக்கு மெழுகுதிரியோடு வருகிற மலைக்கிராமத்து அம்மாவுக்குப் பலவத்தர் யார், நாதகிருத்தியர் யார் என்று கேட்டால் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மிக்கேல் சம்மனசு. இன்னொருவர் அவருடைய பிள்ளையின் காவல் சம்மனசு. இருவரும் ஏணியின் அடியில் இருப்பவர்கள். அதிதூதர் மேலிருந்து எட்டாவது படி. காவல் தூதர் கடைசிப் படி.

மிக்கேல் விஷயம் இறையியலாளர்களுக்கே தலைவலியாக இருந்தது. யூதா மடல் அவரை அதிதூதர் என்கிறது. திருவெளிப்பாட்டில் அவரே படைத்தலைவர். அரக்கப் பாம்போடு போரிட்டு அதைக் கீழே தள்ளுகிறவர். எட்டாம் படியில் இருக்கிறவர் முதல் படியில் இருப்பவர்களுக்கும் சேர்த்துப் படை நடத்துவது எப்படி? பெயர் அதிதூதர் என்றாலும் ஆள் பக்திச்சுவாலகரில் ஒருவர்தான் என்று சிலர் சமாளித்தார்கள். ஊர்த் திருவிழாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் தேர்பவனி என்றால் முதல் சப்பரம் மிக்கேலுடையது. கையில் வாள், காலடியில் சாத்தான். அவர் வழியைச் சுத்தம் செய்துகொண்டு போவார், மற்றப் புனிதர்கள் தொடர்வார்கள், மாதா கடைசியில் வருவார். சிவன் கோயில் பஞ்சமூர்த்தி புறப்பாட்டில் விநாயகர் முன்னால் போவதும் சண்டிகேசுவரர் கடைசியில் வருவதும் தெரிந்த கண்ணுக்கு இந்த வரிசையில் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. தியோனீசியுவின் ஏணி மேலிருந்து கீழே வருவது. சப்பரத்தின் வரிசை தெருவில் நடப்பது; அதில் முன்னால் போகிறவர் பெரியவர் என்று பொருளில்லை, வேலைக்காரர் என்று பொருள்.

காவல் சம்மனசைப் பற்றி அக்குவினார் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். மனிதருக்குக் காவல் நிற்பது ஒன்பதில் கடைசி அணியின் வேலை. மைமோனிடெஸும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார்: இறைவாக்கினரிடம் வந்து பேசுவது பத்தாவது படியில் இருப்பவர்கள். ஒருவர் ஒன்பது வைத்தார், ஒருவர் பத்து வைத்தார். நடுவில் யார் எங்கே என்பதில் ஒத்துப்போகவில்லை. மனிதனோடு தொடர்புடையது கடைசிப் படிதான் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இந்த ஏணிகளெல்லாம் உச்சியை விளக்குவதற்காகக் கட்டப்பட்டவை என்று அவற்றைக் கட்டியவர்கள் நினைத்தார்கள். நம்பிக்கை என்னவோ அடிப்படியில்தான் வாழ்ந்திருக்கிறது. மேலே உள்ள ஏழெட்டுப் படிகளும் கடைசிப் படியில் நிற்பவர் எவ்வளவு பெரிய இடத்து ஆள் என்று காட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டிருக்கின்றன என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

கடைசிப் படியில் நிற்பவரே வழிபாட்டுக்குரியவராகிவிடும் ஆபத்து திருச்சபைக்கு ஆரம்பத்திலேயே புரிந்திருந்தது. தூதர்களை வணங்குவதைக் கொலோசையர் மடலே கண்டிக்கிறது. 745இல் உரோமையில் கூடிய சங்கம், அடல்பெர்ட் என்ற குரு தன் செபத்தில் அழைத்த பெயர் தெரியாத தூதர்களை நிராகரித்தது. மிக்கேல், கபிரியேல், இரபேல் என்ற மூன்று பெயர்களுக்கு மேல் போகக்கூடாது என்பது அதிலிருந்து கெட்டிப்பட்ட ஒழுங்கு. காவல் தூதர்களுக்கு அக்டோபர் 2 என்று நாள் ஒதுக்கி 1670இல் அதை உலகம் முழுதுக்கும் விழாவாக்கிய அதே திருச்சபை, அவரவர் காவல் தூதருக்குப் பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்று 2001இல் மறுபடி எழுதியது. பெயர் வைத்துவிட்டால் தனிக் கோயில், தனிப் பொங்கல் என்று போய்விடும். தமிழ்நாட்டில் வாழ்ந்த எந்தக் குருவுக்கும் அந்தப் பயத்தை விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஏனென்றால் கீழே பழனியில் அது நடந்தே இருக்கிறது. நக்கீரர் அழைத்து வந்த முப்பத்து மூவருக்காகப் பழனியில் நேர்ந்துகொள்பவர் யாருமில்லை. இடும்பனுக்கு உண்டு. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளைத் தோளில் காவடியாகக் கட்டிச் சுமந்து வந்த அசுரன் அவன். இளைப்பாற இறக்கிய மலை மறுபடி எழும்பவில்லை, உச்சியில் ஒரு சிறுவன் கோவணத்தோடு நின்றான், சண்டை, இடும்பன் விழுந்தான். மனைவியும் அகத்தியரும் கெஞ்ச, முருகன் அவனை எழுப்பிக் காவலாளியாக வைத்துக்கொண்டான். மலைப்படியில் ஏறும்போது இடைவழியில் அவன் சந்நிதி. எதிரில் அவன் பெயரிலேயே ஒரு மலை. காவடி எடுப்பவர்கள் அவனை வணங்கிவிட்டுத்தான் முருகனிடம் போக வேண்டும் என்பது வழக்கம்.

இங்கேதான் அந்தப் பதினெண் கணப் பட்டியல் உதவுகிறது. விழுந்த சம்மனசு திரும்ப எழ முடியாது என்கிறார் அக்குவினார். உடலற்ற அறிவு ஒருமுறை தேர்ந்தால் தேர்ந்ததுதான், மனந்திரும்ப அதற்கு வழியில்லை. மிக்கேலின் காலடியில் கிடப்பவன் என்றைக்கும் அங்கேயே கிடப்பான். அசுரனும் தேவனும் ஒரே பட்டியலில் நிற்கிற மரபில் அப்படி இல்லை. தோற்றவன் வாசலில் வேலைக்குச் சேர்கிறான். சூரபதுமன் மயிலும் சேவலுமானதும் இதே வழிதான். கத்தோலிக்கத் தேரில் வென்றவர் முன்னே போகிறார், பழனியில் தோற்றவன் முன்னே நிற்கிறான். பக்தனுக்குக் கிடைப்பது இரண்டிடத்திலும் ஒன்றே, பெரிய சந்நிதிக்கு முன்னால் தன் முறையீட்டைக் காதில் வாங்கிக்கொள்ள ஒருவர்.

மதுரைக்கு வடக்கே அழகர்கோயிலில் இது இன்னும் அப்பட்டம். பதினெட்டாம்படிக் கருப்பசாமி அழகரின் வாசல் காவல். சாத்திய கதவுகளும் படிகளுமே அங்கே வழிபாட்டுக்குரியவை. தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் விரிவாக எழுதிய இடம் அது. பங்காளித் தகராறு, கொடுக்கல் வாங்கல் சச்சரவு என்றால் சத்தியம் செய்ய மக்கள் வருவது பெருமாளிடமல்ல, காவல்காரனிடம். பொய்ச்சத்தியம் செய்தவனைப் பெருமாள் மன்னித்தாலும் மன்னிப்பார், கருப்பன் விடமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

கொடைக்கானலுக்கு முதலில் வந்த அமெரிக்க மிஷனார் இந்த ஏணி முழுவதையுமே கழற்றி வைத்தவர்கள். அவர்கள் மரபின் மூலவர்களில் ஒருவரான ஜான் கால்வின், தியோனீசியுவைப் படித்தால் வானத்திலிருந்து இறங்கிவந்தவர் கண்ணால் கண்டதைச் சொல்வதுபோல் இருக்கிறது என்று கேலி செய்தார். மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்ட பவுலே வாய் திறக்கவில்லையே என்பது அவர் வாதம். மறுக்க முடியாத வாதம்தான். ஆனாலும் அந்த மரபிலும் தேவதூதன் மறையவில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் வெள்ளை உடுப்பும் அட்டைச் சிறகுமாய் ஒரு பிள்ளை வந்து மேய்ப்பர்களிடம் பேசாமல் எந்தச் சபையிலும் டிசம்பர் முடிவதில்லை. அங்கேயும் மிஞ்சியது ஒன்பதாவது அணிதான்.

இஸ்லாத்தில் மலக்குகள் எனப்படும் வானவர்களுக்கு வேலைப் பிரிவினை உண்டு, ஒன்பது பத்து என்ற அடுக்கு அவ்வளவாக இல்லை. இறைச்செய்தியான வஹீயைக் கொண்டுவரும் ஜிப்ரீல் தமிழில் உமறுப்புலவரின் சீறாப்புராணம் வழியாக நன்றாகவே அறிமுகமானவர். உயிர் வாங்கும் மலக்கு, இறைவனின் அரியணையான அர்ஷைச் சுமக்கும் எட்டுப் பேர், மண்ணறையான கப்ரில் கேள்வி கேட்கும் முன்கர் நகீர் என்று தனித்தனிக் கடமைகள். மனிதனுக்கு மிக அருகில் இருப்பவர்கள் அவன் நன்மை தீமையை எழுதும் இருவர். தொழுகையின் முடிவில் வலப்புறமும் இடப்புறமும் முகம் திருப்பிச் சொல்லும் ஸலாம், பக்கத்தில் தொழுபவருக்கும் மலக்குகளுக்கும் சேர்த்துத்தான் என்று மார்க்க அறிஞர்கள் சொல்வார்கள். நாளுக்கு ஐந்து வேளை. பத்திராசனருக்கு எந்த மதத்திலும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நக்கீரரின் முனிவர்கள் முன்னே நுழைந்ததைச் சொன்னேன். அதற்கும் இணை இருக்கிறது. ஆதத்துக்குச் சிரம் தாழ்த்திச் சுஜூது செய்யும்படி மலக்குகளுக்கு ஆணையிடப்பட்டதாகக் குர்ஆன் சொல்கிறது, மறுத்தவன் இப்லீஸ். கத்தோலிக்க மன்றாட்டுமாலையில் மாதா சம்மனசுகளின் இராக்கினி, அதாவது நாசரேத்தூர்ப் பெண்ணொருத்தி ஒன்பது அணிக்கும் மேலே. உச்சிப்படிக்கும் மேல் ஒரு மனிதர், அடிப்படிக்குக் கீழே நாம். ஏணியின் நடுப்பகுதி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

படிகள் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சிலப்பதிகாரம் வெளிப்படையான சான்று தருகிறது. மதுரை எரியும் முன் நகரைக் காத்த நான்கு பூதங்கள் வெளியேறுவதை அழற்படு காதை வருணிக்கிறது. அந்தப் பூதங்களுக்கும் வருணம் உண்டு: அந்தணர்க்கு ஒன்று, அரசர்க்கு ஒன்று, வணிகர்க்கு ஒன்று, வேளாளர்க்கு ஒன்று, உடையும் கருவியும் அதற்கேற்ப. தியோனீசியுவும் விண்ணகப் படிநிலையோடு நிற்கவில்லை. அடுத்த நூலில் ஆயர், குரு, திருத்தொண்டர் என்று திருச்சபையின் படிநிலையை அதே அச்சில் வார்த்தார். எந்தப் படி முதலில் கட்டப்பட்டது என்று சந்தேகப்பட நமக்கு உரிமை உண்டு.

படியே இல்லாத சமூகமும் இதே பழனி மலைகளில் இருக்கிறது. இயேசு சபைக் குரு டாமன் 1908இல் ஆந்திரோப்போஸ் என்ற மானிடவியல் இதழில் பழனி மலைப் பளியரைப் பற்றி எழுதினார். 1960களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் வாழ்க்கையின் அச்சாணியாகக் கண்டது சமமரியாதையை. ஒருவர் இன்னொருவருக்கு ஆணையிடுவதில்லை. பெரியவர் என்பதற்காக யாரும் யாரையும் அடக்குவதில்லை. பூசல் முற்றினால் ஒரு தரப்பு எழுந்து வேறிடம் போய்விடும். சாமியும் அப்படித்தான் வருகிறது. கூட்டத்தில் ஒருவர் மேல் இறங்குகிறது, சுற்றியிருப்பவர்கள் நோயைப் பற்றியும் வரப்போகும் தொல்லையைப் பற்றியும் அதனிடமே கேட்கிறார்கள், பதிலும் அங்கேயே கிடைக்கிறது. யாரும் யாரையும் வாசலில் நிறுத்தி விசாரிக்காத இடத்தில் சாமிக்கு மட்டும் எதற்கு வாசல் காவல்?